ஊதுகுழலும் கங்காணியின் வாயும்

1

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் கழுத்தில் ஏற வேண்டிய தாலியை, போன வெள்ளிக்கிழமை நான் ஊதிக் கெடுத்தேன். இதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். எப்படியும் செய்தி ஊருக்கு வந்து சேரும். அந்தப் பெண் இருக்கிற தோட்டத்தில் ஆள் மேய்க்கிற கங்காணி நம் ஜில்லாக்காரர், நன்றாகக் கடிதம் எழுதுவார். "அங்கே போனதும் பத்தருக்குக் கை கெட்டுவிட்டது, கவனம் போய்விட்டது" என்று நீங்கள் பேசுவீர்கள். பேசுங்கள். ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மலாயாவின் ஜொகூரில் கோத்தா திங்கி என்ற ஆற்றங்கரை ஊரில் பொன்வேலைப் பட்டறை வைத்து எனக்குப் பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து ஜனங்களுக்குத் தோடு, மூக்குத்தி, தாலி எல்லாம் என் கையால்தான் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஆற்று வெள்ளம் இரண்டு தடவை பட்டறைக்குள் வந்து போனது. அப்போதுகூட நான் ஒரு நகையைக் கெடுத்ததில்லை. கெடுத்தது இந்த ஒன்றுதான்.

அதற்கு நானும் காரணம். நான் மட்டும் காரணமில்லை.

2

பொன்வேலை பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாலித் தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கடுகை விடச் சின்னதான பொன்மணிகளை ஒட்ட வேண்டும். ரவை என்போம். குன்றிமணியை அரைத்த பசையைத் தொட்டு, சாமணத்தால் ஒவ்வொரு ரவையாக எடுத்து உட்கார வைக்க வேண்டும். பிறகு பற்றுப்பொடியும் வெண்காரமும் தூவி, கரிக்கட்டை மேல் வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அதன் மேல் திருப்ப வேண்டும். பொடி உருகும் சூட்டுக்கும் பொன்னே உருகும் சூட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகக் கொஞ்சம். பொடி உருகியதும் விளிம்பெல்லாம் ஒரு பளபளப்பு தண்ணீர் போல ஓடும். அது ஓடி முடிகிற நொடியில் சுடரை விலக்கிவிட வேண்டும். முன்னால் விலக்கினால் ரவை ஒட்டாது. பின்னால் விலக்கினால் ரவையும் தகடும் கரைந்து ஒன்றாகிவிடும்.

அந்த நேரம் முழுவதும் மூச்சு அறுந்து போகக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டும். இமைக்கக் கூடாது. வாயில் குழல் இருப்பதால் பேச முடியாது. என்ன கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை நான் எங்கே உட்கார்ந்து செய்கிறேன் என்பதையும் கேளுங்கள். என் பட்டறைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அடுத்தது மரைக்காயர் சாப்பாட்டுக்கடை. இரண்டு வருஷமாக அங்கே ஒரு கிராமபோன் பெட்டி. காலையில் சாவி கொடுத்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் ஓயாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்ச் சண்டை போட்டேன்.

"மரைக்காயரே, பாட்டை நிறுத்துங்க. எனக்குக் கை ஓடமாட்டேங்குது."

"நிறுத்தலாம் பத்தரே. நிறுத்தினா சாப்பிடறவன் தட்டைப் பார்ப்பான். தட்டைப் பார்த்தா சாம்பாரைப் பார்ப்பான். அப்புறம் நான் கப்பலேற வேண்டியதுதான்."

மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டார். ஜனங்கள் எதையும் கவனிக்காமல் இருப்பதில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. என் பிழைப்போ கவனத்தில் ஓடுகிறது. நடுவில் ஒரு பலகை.

இது போதாதென்று சர்க்கார். வருஷா வருஷம் பட்டறைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். இதற்காக மோட்டார் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போய், ஒரு சர்க்கார் கச்சேரியில் பாதி நாள் நிற்க வேண்டும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். குமாஸ்தா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கினார். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ரேகை இல்லை. முப்பது வருஷம் நெருப்பிலும் அரத்திலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? "அசைக்காதே" என்று அதட்டினார். மறுபடி அமுக்கினார். வட்டம். நான்கு காகிதம் வீணாயிற்று. ஐந்தாவது தடவை, "நீ வேண்டுமென்றே செய்கிறாய்" என்றார். அந்த நேரத்தில் ஒருதரம், ஒரே ஒருதரம், அந்த விரலைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கடைசியில் அவருக்குச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. அந்தக் கறுப்பு வட்டத்தின் மேலேயே முத்திரை குத்தி அனுப்பினார்.

3

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை நீங்கள் கப்பலேற்றி அனுப்பிய ஒரு பழக்கம். பத்தருக்கு எதிரே காவல் உட்காருவது.

பொன் கொடுத்தவர் வீட்டு ஆள் ஒருவர், உருக்குகிற நேரத்திலிருந்து முடிகிற நேரம் வரை எதிரே உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்ப்பார். வேலையைப் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பார். விரலிடுக்கைப் பார்ப்பார். நான் காதைச் சொறிந்தால் காதைப் பார்ப்பார். ஒரு நகை அழகாக இருக்கிறதா என்பது அவருக்கு வேண்டாம். பொன் என் மடியில் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மிராசுதார் வீட்டில் என் அப்பா ஒட்டியாணம் செய்தார். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஒரு மாதம். எதிரே ஒரு கிழவர் விசிறியோடு காவல். கடைசி நாள் வேலை முடிந்ததும், கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்டுபிள்ளைகள் பார்க்க, அப்பாவின் வேட்டியை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். அவர் உதறினார். உள்ளிருந்து பாக்குத்தூள் விழுந்தது. சிரித்தார்கள். ஒட்டியாணத்தில் ஒரு யாளி முகம் இருந்தது. அதன் பல் ஒவ்வொன்றும் தனித்தனி. அன்றைக்கு அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பல்லை நான் எண்ணினேன்.

கடல் தாண்டினால் இது இருக்காது என்று நினைத்தேன். என்னோடு அதே கப்பலில் கூலிக்காரர்களும் வந்தார்கள். எதை விட்டுவிட்டு வந்தார்களோ, சந்தேகத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டு வந்தார்கள்.

என் சொந்த மகளே என் வேலையைப் பார்ப்பதில்லை. கமலம் இங்கேயே பிறந்தவள், பதினோரு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பாதி பதில் மலாயில் வரும். சாயங்காலமானால் நியோஞா என்று எல்லோரும் கூப்பிடுகிற எதிர்வீட்டுச் சீனத்தியிடம் போய் உட்கார்ந்து விடுவாள். அந்தம்மா மணி கோத்துச் செருப்புக்கு மேல்துணி தைக்கிறவள். கமலம் அங்கே இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் மணி கோக்கிறாள். நான் கேட்டேன்: "அந்த மணியைப் பார்க்கிற கண்ணு அப்பன் பட்டறைப் பக்கம் திரும்பாதா?"

"திரும்பினா 'தள்ளிப் போ, வெளிச்சத்தை மறைக்காத'ன்னு கத்துவீங்க. நியோஞா கத்தறதில்ல."

அவள் சொன்னது சரி. அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

4

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அஞ்சலை என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு பால்வெட்டுக்காரி. இங்கிருந்து எட்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகள் பேச்சி. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான அதே லயத்தில் இருக்கும் முனியன் என்ற பையனுக்கு அவளைக் கட்டிக் கொடுக்க ஏற்பாடு. முனியனுக்கு இந்த நாட்டில் உறவு என்று ஒருத்தரும் இல்லை, தாலிக்குப் பொன்னும் இல்லை. அஞ்சலை தன் காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றிக் கொண்டு வந்தாள். கழற்றின காதுத் துளை தோளைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்காரராக, முனியனை ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கூட்டி வந்த கங்காணி வந்தார். அவர்தான் காவல். வெற்றிலைப் பெட்டியோடு சம்மணம் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். அஞ்சலை வாசற்படிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

தண்டட்டியை மூசையில் போட்டு உருக்கியதிலிருந்து கங்காணி வாய் ஓயவில்லை. துரை சொன்னது, கணக்கெழுதும் கிராணி சொன்னது, கப்பலில் வாந்தி எடுத்தது. நான் தகடு தட்டினேன், அரச இலை வடிவத்தில் வெட்டினேன். நாற்பத்தெட்டு ரவை எடுத்து வைத்தேன். அடுத்த கடையில் ஒரே பாட்டு மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பழக்கம். காதை மூடிக்கொள்ள எனக்குத் தெரியும்.

குழலை வாயில் வைத்துச் சுடரைத் திருப்பினேன். தகடு சிவக்க ஆரம்பித்தது. அப்போது கங்காணி அஞ்சலையிடம் சொன்னார்:

"இந்தா அஞ்சலை, இவங்க வாயைத்தான் நல்லாப் பார்க்கணும். எங்க பக்கத்துல ஒரு பத்தன் ஊதற சாக்குல பொன்னை நாக்குக்கு அடியில ஒதுக்கிருவான். ஒருநாள் முழுங்கிட்டான். அப்புறம் மூணு நாள் அவன் பின்னாடியே செம்பு எடுத்துக்கிட்டுப் போனாங்க!"

சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

என் வாயில் குழல். பதில் சொல்ல வழியில்லை. எழுந்து அவர் வெற்றிலைப் பெட்டியைத் தெருவில் எறிய வழியில்லை. அந்தக் கோபம் எங்கே போகும்? குழல் வழியாகத்தான் போயிற்று. மூச்சு முரடாயிற்று. சுடர் நீலமாகி நீண்டது. விளிம்பில் பளபளப்பு ஓடியது. என் கண் அதைப் பார்த்தது. ஆனால் மனசு கங்காணியின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சுடரை விலக்கினபோது ஒரு பக்கத்து ரவையெல்லாம் மெழுகு மாதிரி வழிந்து போய், இலையின் நுனியே சுருண்டுவிட்டது.

பாட்டு மட்டும் ஓடியது.

கங்காணி எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "தாலி உருகிப் போச்சு!" என்று கத்தினார். "அபசகுனம். இது வேணாம் அஞ்சலை. போன வருஷம் என் ஆளுங்கள்ல ஒரு பொண்ணு, தாலிக்கயிறு அறுந்து மறுமாசம் செத்துப் போச்சு. இன்னும் லயத்துல என்னைத்தான் பேசறாங்க. இன்னொண்ணு என்னால தாங்க முடியாது. நான் முனியன்கிட்டச் சொல்லி நிறுத்திடறேன்."

அவர் நடிக்கவில்லை. மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அவர் பயம் அஞ்சலையின் மகளுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாலி உருகி நின்ற கல்யாணத்துப் பெண்ணை அந்தத் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ எவன் கட்டுவான்? பேச்சிக்குப் பதினேழு வயது. வாழ்க்கை முழுவதும் அந்தப் பெயர் அவள் பின்னால் போகும். நான் கெடுத்தது பொன் இல்லை. பொன்னைத் திரும்ப உருக்கலாம்.

5

அஞ்சலை எழுந்து வந்து கரிக்கட்டை மேல் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பத்தரே, இதையே மறுபடி உருக்கிச் செய்ய முடியுமா?"

"முடியும்."

"நாளைக்குள்ள?"

"நாளை மத்தியானத்துக்குள்ள. இந்த ஆள் இங்க இருந்தா முடியாது."

கங்காணி சீறினார். "நான் போயிட்டா காவலுக்கு யாரு?"

"எனக்குக் கண்ணில்லையா கங்காணியாரே?" என்றாள் அஞ்சலை. "தெனம் முன்னூறு மரத்துப் பட்டையைப் பார்க்கிற கண்ணு இது. நீங்க போய் மரைக்காயர் கடையில டீ குடிங்க. கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் பேசிக்கலாம்."

அவர் முனகிக்கொண்டே போனார். நான் அவளையும் போகச் சொன்னேன். பதமாகச் சொல்லவில்லை.

"நான் போகமாட்டேன்," என்றாள். "பேசவும் மாட்டேன். நீங்க செய்யறதைப் பார்க்கணும்."

"திருடறேனான்னு பார்க்கணுமா?"

"இல்ல. எப்படிச் செய்யறீங்கன்னு."

பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒருத்தர் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன்? "வெளிச்சத்தை மறைக்காத" என்று கத்தினேன். அவள் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி உருக்கித் தகடு தட்டி வைத்தேன். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகாமல் காலையிலேயே வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. சொன்னபடி வாய் திறக்கவில்லை. ரவையை உட்கார வைத்து முடித்து, குழலைக் கையில் எடுத்தேன். கங்காணியின் சிரிப்பு காதில் கேட்டது. குழலைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். அப்போதுதான் பேசினாள்.

"பத்தரே, நாங்க பட்டையில கத்தி வைக்கிறப்போ பின்னாடி நின்னு கங்காணி கத்துவாரு. கத்தறவருக்குத் தெரியாது, கத்தி மயிரிழை ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம். காயம் பட்ட எடத்துல முண்டு முண்டா வளரும், அப்புறம் அங்க வெட்டவே முடியாது. சாயங்காலம் அதே கங்காணி வந்து காயத்தை எண்ணுவாரு."

"அப்ப என்ன செய்வீங்க?"

"வாய் நெறைய வெத்தலையைப் போட்டுக்குவேன். திட்ட முடியாதுல்ல? திட்ட முடியலன்னா கொஞ்ச நேரத்துல கோவம் சலிச்சுப் போயிரும்."

"என் வாயிலதான் குழல் இருந்துச்சே. சலிக்கலையே!"

அவள் சிரித்துவிட்டாள். தொங்குகிற காது ஆடியது. "அப்ப திட்டிட்டு ஊதுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

திட்டினேன். கங்காணியைத் திட்டினேன், அவர் ஊர்ப் பத்தனைத் திட்டினேன், என் விரலை மையில் அமுக்கினவரைத் திட்டினேன், மிராசுதாரைத் திட்டினேன். வாய் ஓய்ந்ததும் கவனித்தேன், பக்கத்துக் கடையில் பாட்டு இல்லை. மரைக்காயர் கதவில் தலையை நீட்டினார்.

"அலமாக்! பத்தரே, என்ன வாய் இது? வேலை ஆயிருச்சா இல்லையா? காலையிலேர்ந்து பெட்டியை மூடி வெச்சிருக்கேன். ரெண்டு பேரு சாம்பார்ல உப்பில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. உங்க தாலிக்காக நான் சமைக்கக் கத்துக்க வேண்டியிருக்கு."

"போய்க் கத்துக்குங்க," என்றேன். அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

குழலை வாயில் வைத்தேன். அஞ்சலையின் கண் சுடரின் நுனியிலேயே இருந்தது, என் கையில் இல்லை. பளபளப்பு ஓட ஆரம்பித்தபோது அவள் மூச்சுச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. ஓடி முடிந்தது. விலக்கினேன். ரவை நின்றது.

புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, தேய்த்து, அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். தராசை எடுத்தேன். "வேணாம்," என்று முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை நானும் தோட்டத்துக்குப் போனேன். என்னை அழைக்கவில்லை. என் பெயரை யாராவது எடுத்தால் பதில் சொல்வதற்காகப் போனேன். வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டே போனேன், நல்ல சூடான பதில்கள்.

கோயிலுக்கு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில். ஜனங்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கங்காணி தம் வேலையை முடித்திருந்தார். பேச்சி தலையைக் குனிந்திருந்தாள். அவள் கை மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

கோயில் பண்டாரம் தாலித் தட்டை எடுத்ததும் கங்காணி எழுந்தார். "நான் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவன். சொல்ல வேண்டியதைச் சொல்லணும். இந்தத் தாலி..."

"நான் சொல்றேன், உக்காருங்க," என்றாள் அஞ்சலை. அவள் குரல் உயரவில்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தாலி வெள்ளிக்கிழமை பத்தர் கையில உருகிப் போச்சு. என் கண் முன்னாடி. அவரு ஊதறப்போ கங்காணி வேடிக்கை பேசினாரு, பத்தருக்குக் கோவம் வந்துச்சு, சூடு அதிகமாச்சு. அவ்வளவுதான். நேத்து மறுபடி செஞ்சாரு. அதையும் பார்த்தேன்."

"சகுனம்னு ஒண்ணு இருக்கு அஞ்சலை. போன வருஷம் அந்தப் பொண்ணு..."

"அவ காய்ச்சல்ல செத்தா. மூணு நாள் காய்ச்சலோட பேர் எடுக்கிற பெரட்டுல நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம பால் வெட்டக் காட்டுக்கு அனுப்பினது யாரு? தாலிக்கயிறா?"

கங்காணி உட்கார்ந்தார். நான் வழியெல்லாம் தயார் செய்த பதில்களில் ஒன்றுகூட இதில் பாதி இல்லை.

அஞ்சலை முனியனைப் பார்த்தாள். "தம்பி, கட்டப் போறது நீ. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

அவன் பேச்சியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "எனக்கு நாளைக்கு விடியக்காலம் பெரட்டு இருக்கு அத்தே," என்றான். "தட்டைச் சீக்கிரம் சுத்தி விடுங்க."

யாரோ சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு குரல், "மாப்பிள்ளைக்கு என்னா அவசரம்!" என்றது. பேச்சியும் குனிந்தபடியே சிரித்தாள். பந்தல் லேசாயிற்று.

தட்டு சுற்ற ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியும், தேங்காய் மேல் தாலியை வைத்து, சபையில் எல்லோரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்குவது நம் வழக்கம். வழக்கமாக எல்லோரும் பேசிக்கொண்டே ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றித் தள்ளிவிடுவார்கள். தட்டில் இருப்பது பொன்னா பித்தளையா என்றுகூடப் பார்ப்பதில்லை. நான் செய்த எத்தனையோ தாலிகள் அப்படிச் சுற்றிப் போயிருக்கின்றன.

இந்தத் தட்டு நகரவில்லை. முதல் வரிசையிலிருந்த ஒரு பால்வெட்டுக்காரர் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எங்கே உருகியது என்று தேடினார். விளிம்பை நகத்தால் தடவினார். பக்கத்திலிருந்தவர் தலையை நுழைத்தார். "எல்லாம் மணி மணியா இருக்குடா." "இதை எப்படி ஒட்டினான்?" "எண்ணு பார்ப்போம்." எண்ணினார்கள்! ஒருத்தர் நாற்பத்தேழு என்றார், இன்னொருத்தர் நாற்பத்தெட்டு என்றார், மறுபடி எண்ணினார்கள். பண்டாரம் முகூர்த்தம் போகிறது என்று கத்தினார். ஒருத்தரும் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் போனதும் இன்னும் மோசம். வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கங்காணி எல்லோரையும் விட அதிக நேரம் வைத்திருந்தார். கடைசியில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பார்த்தார்கள்.

தட்டு கடைசியாக என்னிடம் வந்தது. அஞ்சலையே கொண்டு வந்தாள். நான் பார்த்தேன். நுனியிலிருந்து இடப்பக்கம் ஏழாவது ரவை, கால்பங்கு உடம்பு தகட்டில் புதைந்து உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சூடு ஒரு நொடி கூடிய இடம். சனிக்கிழமை இதை நான் பார்க்கவில்லை. இத்தனை பேர் தேடியும் கண்டுபிடிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

அஞ்சலை என் பக்கம் குனிந்தாள். "ஏழாவதுதானே?" என்றாள் மெதுவாக. "நேத்தே பார்த்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுபடி உருக்கியிருப்பீங்க. குடுங்க பத்தரே, என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தேன். மேளம் கொட்டியது. முனியன் கட்டினான்.